சிங்கப்பூர் – நியூயார்க்: 15,349 கி.மீ.யா, 16,700 கி.மீ.யா? அப்பாவின் மாத்திரைக்கு எந்தக் கணக்கு?

கயல்விழி | செப்டம்பர் 14, இரவு 9:20

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 74 வயது. அக்டோபர் நடுவில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்குத் தனியாகப் போகிறார். நேரடி விமானம். அக்கா வீட்டில் இருந்துவிட்டு ஜனவரியில் திரும்புவார்.

காலை 8, இரவு 8 என்று 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிட வேண்டிய மாத்திரை ஒன்று அவருக்கு உண்டு. இடைவெளி கெடக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் பயணம் உண்மையில் எத்தனை மணி நேரம் என்று தெரிந்துகொள்ள உட்கார்ந்தேன். மூன்று நாளாகத் தலை சுற்றுகிறது.

ஒரு தளம் தூரம் 15,349 கி.மீ. என்கிறது. இன்னொன்று 15,339. மூன்றாவது வெறும் 8,288 என்கிறது. விமான நிறுவனமே இந்தத் தடத்தை 16,700 கி.மீ. என்று சொல்லியிருக்கிறது. இரண்டு ஊருக்கு நடுவே 1,300 கி.மீ. எங்கிருந்து முளைத்தது?

நேரமும் அப்படித்தான். பயணச்சீட்டில் இரவு 11:30 புறப்பாடு, மறுநாள் காலை 6:10 வருகை. கழித்தால் 6 மணி 40 நிமிடம்! கீழே சின்ன எழுத்தில் 18 மணி 40 நிமிடம் என்றும் போட்டிருக்கிறது. அப்பா மேலே இருப்பதைப் பார்த்துவிட்டு "நடுவில் மாத்திரையே வேண்டாம்போல" என்கிறார். தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

---

வரைபடப்பித்தன் | செப்டம்பர் 14, இரவு 10:05

தோழி, உங்கள் முதல் மூன்று எண்களில் எதுவும் தவறில்லை. எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன். 8,288 என்பது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பெருக்கிப் பாருங்கள், 15,349 வந்துவிடும். வானோட்டத்திலும் கப்பலோட்டத்திலும் இன்றுவரை அதுதான் அளவு.

15,339க்கும் 15,349க்கும் உள்ள 10 கி.மீ. பூமியின் உருவத்தில் இருக்கிறது. பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள சரியான உருண்டையாக வைத்துக் கணக்கிட்டால் சிறிய எண் வரும். உண்மையில் பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது. நிலநடுக்கோட்டில் ஆரம் சுமார் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. அந்தத் தட்டையையும் சேர்த்தால் பெரிய எண். எந்த ஊருக்கு எந்த ஊர் பார்த்தாலும் இந்த வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

இந்த இரண்டு நிலையங்களிலும் ஓர் அழகு இருக்கிறது, கணினி இல்லாமலே தூரம் கண்டுபிடிக்கலாம். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கம் 104 பாகை. நியூயார்க் மேற்குத் தீர்க்கம் 73.8. கூட்டினால் 177.8, கிட்டத்தட்ட 180. அதாவது பூமிப்பந்தில் ஒன்றுக்கு ஒன்று முதுகு காட்டி நிற்கும் ஊர்கள். அப்படிப்பட்ட ஊர்களுக்கு மிகக் குறுகிய வழி கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. நேரே வடக்கே ஏறி, வடதுருவத்தின் பக்கமாகப் போய், அந்தப் பக்கம் இறங்குவதுதான்.

சிங்கப்பூர் வடக்கு 1.36 பாகை. அங்கிருந்து துருவத்துக்கு 88.64 பாகை. நியூயார்க் வடக்கு 40.64, துருவத்திலிருந்து 49.36. மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்றால் 15,345 கி.மீ. சுற்று. தாளில் பென்சிலால் போட்ட கணக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

---

இளமாறன் | செப்டம்பர் 14, இரவு 10:40

வரைபடத்தில் கோடு போட்டால் பசிபிக்கைத் தாண்டியோ அட்லாண்டிக்கைத் தாண்டியோ போவதுதானே நேர்? துருவம் சுற்று வழியாகத் தெரிகிறதே அண்ணா.

---

வரைபடப்பித்தன் | செப்டம்பர் 14, இரவு 11:02

தம்பி, அது தாள் செய்யும் வேலை. உருண்டையை உரித்துத் தட்டையாக விரிக்கும்போது வடக்கே உள்ளதெல்லாம் பக்கவாட்டில் இழுபடும். துருவம் ஒரு புள்ளி. தாளில் அது மேல் விளிம்பு முழுக்க ஒரு கோடாக நீண்டுவிடும்.

ஒரே ஒரு உதாரணம். 60 பாகை வடக்கு அட்சத்தில் இரண்டு ஊர்கள், உலகின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள். வரைபடத்தின் நேர்க்கோட்டில், அதே அட்சத்திலேயே போனால் சுமார் 10,000 கி.மீ. துருவத்தைத் தொட்டுப் போனால் 30 பாகை ஏற்றம், 30 பாகை இறக்கம், 6,670 கி.மீ. போதும். மூன்றில் ஒரு பங்கு மிச்சம். வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை இரண்டு ஊரிலும் வைத்து இழுத்துப் பிடி. நூல் தானாகப் போய்ப் படியும் இடம்தான் பெருவட்டப் பாதை.

---

பாரி_வான் | செப்டம்பர் 15, காலை 6:50

ரொம்ப நாளாக இருக்கும் சந்தேகம், இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். பூமி கிழக்கு நோக்கிச் சுற்றுகிறது. அப்படியானால் மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் தானாகவே எதிரே வந்து சேர வேண்டாமா? நடைமுறையில் மேற்கே போகும்போதுதானே நேரம் அதிகமாகிறது?

---

ஓடுபாதை_09 | செப்டம்பர் 15, காலை 8:15

விமானப் பாதை திட்டமிடும் அறையில் 22 ஆண்டுகள் இருந்தவன். டிஸ்பாட்ச் என்பார்கள். இந்தக் கேள்விக்காகவே உள்ளே வந்தேன்.

பாரி, பூமி சுற்றும்போது காற்றும் கூடவே சுற்றுகிறது, ஓடுபாதையில் நிற்கும் விமானமும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. மேலே எழும்பிவிட்டதால் அந்த ஓட்டம் அறுந்துபோவதில்லை. ஓடும் ரயிலுக்குள் துள்ளிக் குதித்தால் அதே இடத்தில்தானே விழுகிறோம்?

மேற்கே போக நேரம் கூடுவது காற்றால். தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் ஓடுகிறது. மணிக்கு 200 கி.மீ. என்பது சாதாரணம், குளிர்காலத்தில் அதற்கு மேலும் போகும். நெடுந்தூர விமானங்கள் பறப்பதும் அதே உயரத்தில்தான். அந்தக் காற்று கிழக்காகத் திரும்புவதற்குப் பூமியின் சுழற்சி காரணம், அந்த அளவில் உங்கள் சந்தேகத்துக்கு அடிப்படை உண்டு.

விமானத்தின் வேகம் காற்றைப் பொறுத்தது. ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு என்றால் அந்தக் குளிரில் மணிக்கு சுமார் 900 கி.மீ. நமக்கு வேண்டியது தரையைப் பொறுத்த வேகம். பின்காற்று 150 என்றால் 1,050, எதிர்காற்று 150 என்றால் 750. 2020 பிப்ரவரியில் ஒரு புயல் வாரத்தில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரை வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. எஞ்சின் வழக்கம்போலத்தான் ஓடியது. அதே தடத்தில் மேற்கே வர ஏழரை, எட்டு மணி நேரம் ஆகும்.

---

இளமாறன் | செப்டம்பர் 15, காலை 9:30

அப்படியானால் போகும்போது இழந்தது வரும்போது கிடைத்துவிடும். போக வர மொத்தக் கணக்கில் காற்றே இல்லாத மாதிரிதானே?

---

ஓடுபாதை_09 | செப்டம்பர் 15, காலை 10:10

இல்லை தம்பி. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் நான் முதலில் போடச் சொல்லும் கணக்கு இதுதான். தூரம் 9,000 கி.மீ., வேகம் 900. காற்று இல்லாவிட்டால் போக 10, வர 10, மொத்தம் 20 மணி. இப்போது 100 கி.மீ. காற்று. பின்காற்றில் 9,000-ஐ 1,000-ஆல் வகுத்தால் 9 மணி. எதிர்காற்றில் 800-ஆல் வகுத்தால் 11 மணி 15 நிமிடம். மொத்தம் 20 மணி 15 நிமிடம். அந்தக் கால் மணி எங்கே போனது? எதிர்காற்றுக்குள் நாம் இருக்கும் நேரம் அதிகம், பின்காற்றுக்குள் இருக்கும் நேரம் குறைவு. கெட்டது எப்போதும் கூடுதல் நேரம் நம்மைப் பிடித்து வைத்திருக்கும்.

இனி கயல்விழி கேட்ட 1,300 கி.மீ.

15,349 என்பது உருண்டையின் மேல் நூல் இழுத்த தூரம். அதில் யாரும் அப்படியே பறப்பதில்லை. துருவப் பாதை ரஷ்யாவின் மேலே போகிறது. 2022 பிப்ரவரிக்குப் பிறகு பல நாட்டு விமானங்களுக்கு அந்த வான்வெளி அடைபட்டுவிட்டது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு 9 மணி நேரமாக இருந்த பயணம் 13 மணி நேரமானது அதனால்தான். ஊர்கள் இரண்டும் அங்கேயேதான் இருக்கின்றன, நடுவில் உள்ள கதவு சாத்தப்பட்டது. அது இல்லாவிட்டாலும் துருவத்துக்குத் தனி விதிகள் உண்டு. அவசரமாக இறங்க நிலையங்கள் குறைவு. எரிபொருள் உறையும் அபாயத்தைக் கவனிக்க வேண்டும். ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை -47 பாகை செல்சியஸ்.

சிங்கப்பூர் – நியூயார்க் விமானம் பெரும்பாலும் ஜப்பானுக்குப் பக்கமாக ஏறி, வட பசிபிக்கைத் தாண்டி, அலாஸ்கா, கனடா ஓரமாக இறங்கும். தூரம் கூடுதல், 16,700 என்பது அந்த வகைக் கணக்கு. ஆனால் காற்று முதுகில். எளிமையாகப் போட்டுப் பாருங்கள்: 15,349 கி.மீ. காற்றில்லாமல் 900-இல் போனால் 17 மணி 3 நிமிடம். 16,700 கி.மீ. வழியெல்லாம் 100 கி.மீ. பின்காற்றோடு போனால் 16 மணி 42 நிமிடம். நீளமான பாதை 21 நிமிடம் முன்னால் போய்ச் சேர்கிறது. எங்கள் அறையில் தரைத்தூரம், காற்றுத்தூரம் (காற்றைப் பொறுத்து விமானம் கடக்கும் தூரம்) என்று இரண்டு எண் எழுதுவோம். விமானத்துக்கும் எரிபொருளுக்கும் தெரிந்தது காற்றுத்தூரம் மட்டும்தான்.

எனக்கு இந்தத் தடத்தில் மிகவும் பிடித்த விஷயம் திரும்பும் வழி. வந்த வழியே மேற்கே திரும்பினால் அதே காற்று முகத்தில் அடிக்கும். அதனால் பல நாட்களில் நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக், ஐரோப்பா, மத்திய ஆசியா என்று மறுபடி கிழக்கு நோக்கியே சிங்கப்பூர் வருவார்கள். போவதும் கிழக்கு, வருவதும் கிழக்கு. ஊர்கள் முதுகு காட்டி நிற்பதால்தான் இது சாத்தியம், எந்தப் பக்கம் சுற்றினாலும் ஏறக்குறைய ஒரே தூரம். உங்கள் அப்பா ஜனவரியில் வந்து இறங்கும்போது உலகத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி முடித்திருக்கலாம்.

---

கயல்விழி | செப்டம்பர் 15, மாலை 7:45

ஐயா, இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உலகம் சுற்றியவன் ஆகிவிடுவேனா என்று இரண்டு முறை கேட்டார். நன்றி.

சரி, தூரம் புரிந்தது. 18 மணி 40 நிமிடம் என்பது பறக்கும் நேரமா?

---

ஓடுபாதை_09 | செப்டம்பர் 15, இரவு 8:20

இல்லை அம்மா. அது பிளாக் டைம். சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் வாயிலுக்கு வருவது எல்லாம் அதற்குள். அட்டவணை போடுபவர்கள் பருவத்தின் காற்றைப் பார்த்து, கொஞ்சம் இடமும் விட்டுத்தான் எழுதுவார்கள். அதனால் அரை மணி முன்னதாக இறங்கினாலும் பின்னதாக இறங்கினாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

தூரத்தை 850-ஆல் வகுத்து அரை மணி கூட்டினால் ஓரளவு சரியாக வரும் என்பது பழைய வழக்கம். 15,349-க்குப் போட்டால் 18 மணி 33 நிமிடம். தளங்கள் பலவும் இப்படி ஒரு சூத்திரத்தைத்தான் வைத்திருக்கின்றன, அன்றைய காற்று அவற்றுக்குத் தெரியாது. மருந்து விஷயத்தில் பயணச்சீட்டில் உள்ள பிளாக் டைமையே நம்புங்கள்.

---

மாத்திரைப்பெட்டி | செப்டம்பர் 15, இரவு 9:55

நான் மருந்தாளராக வேலை பார்க்கிறேன். கயல், தூரத்தை மறந்துவிடுங்கள். மாத்திரைக்கு வேண்டியது கடைசி வேளையிலிருந்து எத்தனை மணி ஆயிற்று என்பது ஒன்றுதான். அதற்கு ஒரே ஒரு கடிகாரம் போதும், சிங்கப்பூர் நேரம் காட்டுவது.

இரவு 8 மணிக்கு வழக்கம்போல ஒன்று. 11:30-க்கு விமானம். அடுத்தது சிங்கப்பூர் காலை 8; புறப்பட்டு எட்டரை மணி நேரம், நடுவானம். அதற்கடுத்தது சிங்கப்பூர் இரவு 8, அதாவது புறப்பட்டு 20 மணி 30 நிமிடம். அட்டவணைப்படி அதற்கு 1 மணி 50 நிமிடம் முன்பே விமானம் நின்றிருக்கும். குடியேற்ற வரிசையிலோ பெட்டி வரும் இடத்திலோ நிற்பார். ஆகவே இரண்டு வேளைக்கும் மேல், தாமதத்துக்கும் சேர்த்து நான்கைந்து வேளைக்கான மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், மருந்துச்சீட்டோடு. சரக்கில் போடும் பெட்டியில் வேண்டாம்.

இப்போது நல்ல செய்தி. அக்டோபரில் நியூயார்க் கோடைக்கால நேரத்தில் இருக்கும். சிங்கப்பூருக்கும் அதற்கும் வித்தியாசம் சரியாக 12 மணி. சிங்கப்பூர் இரவு 8 என்றால் அங்கே காலை 8. உங்கள் அப்பா எதையும் மாற்றவே வேண்டாம், அங்கேயும் 8, 8 தான்! காலையும் இரவும் இடம் மாறுகின்றன, அவ்வளவே.

கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள். வித்தியாசம் 13 மணி ஆகும். இடைவெளி மாறாமல் இருக்க வேண்டுமானால் அன்றிலிருந்து 7, 7. அப்படியே வைத்திருந்தால் ஜனவரியில் திரும்பும்போது சிங்கப்பூரில் தானாக 8, 8-க்கு வந்து நிற்கும். ஒரு மணி நேரம் நகர்ந்தால் அந்த மருந்துக்குப் பரவாயில்லையா என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சில மருந்துகளுக்குப் பரவாயில்லை, சிலவற்றுக்கு அப்படி இல்லை. இந்த அட்டவணையை எழுதிக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள்.

---

பாரி_வான் | செப்டம்பர் 16, காலை 7:05

இவ்வளவு கச்சிதமாக 12 மணி வந்தது தற்செயலா?

---

வரைபடப்பித்தன் | செப்டம்பர் 16, காலை 7:40

முழுக்கத் தற்செயல் இல்லை. 15 பாகை தீர்க்கத்துக்கு ஒரு மணி. இரண்டு ஊருக்கும் இடையே கிட்டத்தட்ட 180 பாகை, ஆகவே 12 மணி. தூரத்தை பென்சிலில் போட முடிந்ததும் இதே காரணத்தால்தான். ஆனால் சூரியன்படி பார்த்தால் சிங்கப்பூருக்கு கிரீன்விச்சைவிட கிட்டத்தட்ட 7 மணிதான் முன்னால் வரும். 1982 முதல் அங்கே 8 மணி வைத்திருக்கிறார்கள். நியூயார்க்கும் கோடையில் ஒரு மணி முன்னால் தள்ளிக்கொள்கிறது. இரண்டு ஊரும் ஒரே பக்கம் ஒரு மணி நகர்ந்ததால் பழைய 12 அப்படியே நிற்கிறது.

---

கயல்விழி | செப்டம்பர் 19, மாலை 6:30

மருத்துவரிடம் அட்டவணையைக் காட்டினோம். சரியாக இருக்கிறது என்றார். நவம்பரில் 7, 7-க்கு மாற்றச் சொல்லிவிட்டார். அப்பா ஒரு பழைய கைக்கடிகாரத்தைத் தேடி எடுத்து, புது பேட்டரி போட்டு, "இது சிங்கப்பூர், இதைத் தொடமாட்டேன்" என்று வைத்திருக்கிறார்.

---

கயல்விழி | அக்டோபர் 16, இரவு 11:10

போய்ச் சேர்ந்துவிட்டார். இழையில் உதவியவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கணக்கெல்லாம் குறித்து வைத்தேன்.

வாயிலிலிருந்து நகர்ந்தது இரவு 11:34. மேலே எழும்பியது 11:52. நியூயார்க்கில் தரை தொட்டது அவர்கள் நேரம் காலை 5:28, நின்றது 5:41. பறந்தது 17 மணி 36 நிமிடம், கட்டை முதல் கட்டை வரை 18 மணி 7 நிமிடம். ஐயா சொன்னபடி அரை மணி முன்னால். நானும் அக்காவும் திரையில் பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஜப்பானுக்கு அருகே ஏறி, பசிபிக்கில் வளைந்துதான் போனது.

ஒன்று மட்டும் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. புறப்பட்டு ஐந்து மணி நேரத்தில் ஜன்னலில் விடிந்துவிட்டதாம். அதற்குப் பிறகு ஆறு மணி நேரம் வெயில், மறுபடி இருட்டு, இருட்டிலேயே இறங்கினார். ஒரு பயணத்துக்குள் ஒரு பகல் முழுதாக வந்து போயிருக்கிறது. "சூரியனைப் பார்த்திருந்தால் ரெண்டு வேளை குழம்பியிருப்பேன், அந்தப் பழைய வாட்ச்தான் காப்பாத்துச்சு" என்கிறார். முதல் மாத்திரை வட பசிபிக்கின் மேலே, கடிகாரத்தில் 8 மணி. இரண்டாவது பெட்டி வரும் இடத்தில், 8:03. மூன்று நிமிடத் தாமதத்துக்கு என்னிடம் காரணம் சொன்னார், தண்ணீர் தேட வேண்டியிருந்ததாம்.

---

ஓடுபாதை_09 | அக்டோபர் 17, காலை 5:50

நல்ல செய்தி அம்மா. ஜனவரியில் திரும்பும் அன்று விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள். அட்லாண்டிக் பக்கம் என்றால் அப்பாவிடம் சுற்று முடிந்தது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.